பாறவிளைத் தொட்டியின் அங்கீகரிக்கப்பட்ட மட்டம்

பாறவிளைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கேள்வி நீரேற்று ஆணையத்தில் யாரையும் தடுமாற வைத்ததில்லை. மூன்று மீட்டர். பதினொரு வருடமாக மூன்று மீட்டர். காலையில் மூன்று, உச்சியில் மூன்று, சாயங்காலம் மூன்று. கோடையில் கிள்ளியாறு வற்றி மணல் தெரிந்த மாதங்களிலும், குழாய் உடைந்து நான்கு நாள் பம்பே ஓடாத வாரத்திலும், ரிஜிஸ்டரில் தொட்டி நிறைந்தே இருந்தது. குன்றின்மேல் குடியிருந்த முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் மட்டும் இதை நம்பாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்கள். ரிஜிஸ்டர் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் என்று ஆணையம் அவர்களைப் பொறுத்துக்கொண்டது.

திருவனந்தபுரத்தில் தெருவிளக்கிலிருந்து குப்பைத்தொட்டி வரை எல்லாம் ஸ்மார்ட் ஆகிக்கொண்டிருந்த சமயம் அது. தொட்டியையும் ஸ்மார்ட் ஆக்குவது என்று ஆணையம் முடிவு செய்தது. வேலை பாப்பனங்கோட்டில் இருந்த ஒரு சிறிய கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனி தாணுமாலயனை அனுப்பியது.

தாணுவுக்கு முப்பத்து நான்கு வயது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து ஸ்ரீவராகத்தில் வாடகைக்கு இருந்தான். பி.எல்.சி. புரோகிராம் எழுதுவதுதான் அவனுடைய தொழில். பி.எல்.சி. என்பது செருப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கம்ப்யூட்டர். ஒரு கம்பியால் பார்க்கும், இன்னொரு கம்பியால் செய்யும். விழிஞ்ஞத்தில் ஐஸ் ஃபாக்டரிக்கு எழுதியிருக்கிறான். ரப்பர் பால் காய்ச்சும் இடத்துக்கு எழுதியிருக்கிறான். எங்கேயும் தகராறு வந்ததில்லை. ஐஸ் உறைந்தால் உறைந்தது என்று ஒப்புக்கொள்கிற ஆட்களோடுதான் அதுவரை அவன் பழகியிருந்தான்.

பாறவிளை வேலை அவனுக்கு மிக எளிதாகத் தெரிந்தது. மேலே தொட்டிக்குள் மட்டம் பார்க்கும் சென்சார். கீழே பம்ப் ஹவுஸில் பி.எல்.சி. தண்ணீர் ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால் பம்ப் ஓட வேண்டும், மூன்றைத் தொட்டால் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும்; அந்தப் பதிவுக்கு லாக் என்று பெயர். இரண்டே நாளில் முடித்தான்.

மூன்றாம் நாள், தொட்டியை ஒட்டிய கடைசி வீட்டு சரசம்மா பம்ப் ஹவுஸுக்கு இறங்கி வந்தாள். ஐம்பது வயதுக்காரி. கையில் குடம் இல்லை.

"மக்கா, எனக்க வீட்டுக் குழாயில வெள்ளம் வருது. நீதான் என்னமோ பண்ணினியாம்லா?"

"பெட்டிதான் பண்ணுது அக்கா. குறைஞ்சா போடும், நிறைஞ்சா நிறுத்தும்."

"இவ்வளவுதானா? இதுக்கா பதினோரு வருஷம்?" என்று கேட்டுவிட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழத்தை மேசையில் வைத்துப் போனாள்.

பம்ப் ஆபரேட்டர் சுவாமிதாஸ் பழத்தை உரித்தபடி சிரித்தார். பாறசாலைப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. "சாரே, இனிதான் கிடக்குது காரியம். லாக்க மேல அனுப்பினியளா?"

"அனுப்பிட்டேன் அண்ணாச்சி. என்ன?"

"ஒண்ணுமில்ல. நானும் ஒரு நாளு உள்ளத உள்ளபடி எழுதினேன், ரெண்டு புள்ளி நாலுன்னு. மறுநாளே மெமோ வந்துட்டு, அறுபது சென்டிமீட்டர் எங்க போச்சுன்னு கேட்டு. அதுக்கப்புறம் மூணுதான். எழுதுகவனுக்கும் சுகம், வாசிக்கவனுக்கும் சுகம்."

அடுத்த வாரம் சாஸ்தமங்கலத்தில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து தாணுவுக்கு அழைப்பு வந்தது. சூப்பிரண்டு பகவதிப்பெருமாள் அவனுடைய லாக்கை அச்சடித்து, ஓட்டை போட்டு, நாடா கட்டி வைத்திருந்தார். ஒரு நாளைக்கு இருநூற்று எண்பத்தெட்டு அளவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"கேட்டீரா தாணு, நீரும் நம்ம ஊர்க்காரர், அதனால உள்ளதச் சொல்லுதேன். இங்க ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டுன்னு கிடக்கு. இங்க ரெண்டு புள்ளி ஒம்பது ஏழு. அதே நாள் ரிஜிஸ்டர்ல மூணு. இப்ப ஒரு தொட்டிக்கு எத்தனை மட்டம்?"

"தண்ணி ஏறி இறங்கும்லா சார்."

"ஏறட்டும், இறங்கட்டும். அது தண்ணிக்க சுபாவம். அத நாம எழுதி வைக்கணும்னு என்ன கட்டாயம்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிறகு இன்னொண்ணு. இந்த ஒரு வாரத்துல பம்பு பதினாலு தடவை தானாவே நின்னிருக்கு. யாரு சொல்லி?"

"மூணு மீட்டர் ஆனதும் பி.எல்.சி. நிறுத்தும்."

"பி.எல்.சி.க்கு என்ன கிரேடு?"

தாணு பையிலிருந்து பி.எல்.சி. கையேட்டை எடுத்துப் புரட்டினான். பகவதிப்பெருமாள் பரிதாபமாகப் பார்த்தார். "பாத்தீரா? கிரேடே இல்லாத ஒருத்தன் ஒரு வாரத்துல பதினாலு உத்தரவு போட்டிருக்கான்."

இந்தப் பிரச்சினைக்காக ஒரு கூட்டம் கூடியது. நிர்வாகப் பொறியாளர் ஸ்வப்னா தலைமை தாங்கினார். கூட்டம் மலையாளத்தில் நடந்தது. காரியம் விளங்குவதற்காகத் தமிழில் சொல்கிறேன். ஸ்வப்னா கெட்டவர் அல்ல. கல்லூரியில் கட்டுப்பாட்டுப் பொறியியலில் முதலாவதாக வந்தவர். அதை அவரே நடுவில் ஒருமுறை நினைவுகூர்ந்து, கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"தாணு சொல்கிற லாஜிக் சரிதான். பக்ஷே, இங்கே லாஜிக் மட்டும் போதாதல்லோ. பம்பை நிறுத்துவது ஒரு முடிவு. முடிவுக்கு ஒரு வழி உண்டு. உதவிப் பொறியாளர் பரிந்துரைக்கணும், அவருக்கு மேலே உள்ளவர் பார்க்கணும், நான் ஒப்புதல் தரணும், சூப்பிரண்டு எண் போடணும். மிஷின் விண்ணப்பிக்கட்டும். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை."

"மேடம், அதுக்குள்ள தொட்டி நிறைஞ்சு வழிஞ்சிடுமே?"

"வழிந்தால் அது தொட்டியின் கொள்ளளவுப் பிரச்சினை. சிவில் பிரிவு பார்த்துக்கொள்ளும்."

தாணு பாப்பனங்கோட்டுக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னான். வேலை முடிந்தது என்ற சான்றிதழில் ஆணையம் கையெழுத்துப் போடாவிட்டால் இனி அரசாங்க வேலை எதுவும் கிடைக்காது என்றார் முதலாளி. தாணு எழுதிக்கொடுத்தான். வரிசையாக நான்கு கதவு போல நான்கு ஒப்புதல். நான்கும் திறந்தால்தான் பம்ப் நிற்கும். நான்கும் திறந்தால்தான் ஓடும். அவன் எழுதியதிலேயே மிகச் சுத்தமாக வேலை செய்த புரோகிராம் அது.

ஆற்றுகால் அம்மன் கோவிலைச் சுற்றித் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் பொங்காலைக்கு முந்தின நாள் பி.எல்.சி. பம்பை நிறுத்த அனுமதி கேட்டது. உதவிப் பொறியாளர் பரிந்துரைத்தார். அவருக்கு மேலே இருந்தவர் ஆற்றுகாலில் அடுப்புக் கல் போட இடம் பிடிக்கப் போயிருந்தார். இருபத்தாறு மணி நேரம் பம்ப் ஓடியது. தொட்டி வழிந்த தண்ணீர் சரசம்மா வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்து, முன்வாசல் வழியாக வெளியே போனது. கோழிக்கூடு மிதந்து போய் நான்காவது வீட்டுப் படியில் தட்டி நின்றது. ஒப்புதல் கிடைத்துப் பம்ப் நின்ற மூன்றாம் நாளே பி.எல்.சி. அதை மறுபடி ஓட்ட அனுமதி கேட்டது. 'சமீபத்தில்தான் அளவுக்கு மீறி ஓடியிருக்கிறது. மீண்டும் ஓட விரும்புவதற்கான காரணத்தை விளக்குக' என்று குறிப்பு எழுதி பகவதிப்பெருமாள் கோப்பைத் திருப்பினார். பி.எல்.சி.க்கு விளக்கம் எழுதத் தெரியாது. தாணு அதன் சார்பில் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தான். 'நான்' என்று எழுதுவதா, 'மேற்படி கருவி' என்று எழுதுவதா என்பதில் மட்டும் அரை நாள் போனது.

புகார்கள் குவிந்தன. வழிந்ததற்குப் பாதி, வறண்டதற்குப் பாதி. அப்போதுதான் ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் கைலாஷ் நேரடியாகத் தலையிட்டார். நாற்பது வயது, நல்ல சட்டை. இரண்டு முறை சிங்கப்பூர் போய்க் குழாய் பார்த்து வந்தவர். திட்டத்தை விளக்கச் சொன்னதும் தாணு தன் முதல் படத்தைச் சுவரில் காட்டினான். அதில் கொட்டை எழுத்தில் 'ஃபீட்பேக் கண்ட்ரோல்' என்று இருந்தது.

கைலாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்படி ஒரு வசதி இருப்பதை இவ்வளவு நாள் யாரும் என்னிடம் சொல்லவில்லையே! போன மாதம் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு ஃபீட்பேக் வந்திருக்கிறது. ஒன்றாவது கண்ட்ரோலில் இருக்கிறதா?"

"சார், இது அந்த ஃபீட்பேக் இல்லை. தொட்டி சொல்றத பம்ப் கேட்கிறதைத்தான் அப்படிச் சொல்வாங்க."

"தொட்டி சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? தொட்டி நம்முடையது அல்லே?" அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் உரை என்று எல்லோருக்கும் தெரியும். பகவதிப்பெருமாள் நோட்டை எடுத்தார். "நண்பர்களே, தண்ணீர் ஒரு சாதாரணப் பொருள். அது ஏறும், இறங்கும், ஆவியாகும். அதற்கு ஒரு நிலைப்பாடு கிடையாது. டேட்டா அப்படி அல்ல. பதினொரு வருடமாக இந்த நிறுவனம் மூன்று மீட்டரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. வெள்ளத்திலும் காப்பாற்றியது, வறட்சியிலும் காப்பாற்றியது. எனக்கு முன்னால் இருந்த ஐந்து இயக்குநர்களும் அதைத் தொட்டதில்லை. நேற்று வந்த ஒரு சென்சார் அதை ஒன்று புள்ளி ஆறு இரண்டு என்கிறது. நான் யாரை நம்புவது? எங்கள் ஆட்கள் தொட்டியைப் பார்க்காமலே மூன்று மீட்டர் என்று சொல்கிறார்கள். இதற்கு அதைப் பார்த்தும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை!"

கைதட்டல் அடங்கியதும் உத்தரவு போட்டார். இரண்டு புள்ளி ஒன்பதுக்குக் கீழே எது வந்தாலும், மூன்று புள்ளி ஒன்றுக்கு மேலே எது வந்தாலும், அது கருவியின் பிழை. பிழையைத் திருத்தி மூன்று என்றே பதிய வேண்டும். அதுவே அங்கீகரிக்கப்பட்ட மட்டம்.

"லாக்ல அப்படி வச்சுக்கலாம் சார்" என்று தாணு மெதுவாகச் சொன்னான். "பம்புக்கு மட்டும் உண்மையான மட்டத்தைக் கொடுத்துடறேன்."

"ஒரு அலுவலகத்தில் இரண்டு மட்டமா? வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று வைப்பது ஊழல் அல்லவா? பம்பும் அங்கீகரிக்கப்பட்ட மட்டத்தைப் பார்த்தே நடக்கட்டும்."

ஸ்வப்னா வாயைத் திறந்தார். கட்டுப்பாட்டுப் பொறியியல் ஒரு கணம் அவர் முகத்தில் வந்து போனது. பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

"எப்போதும் மூணுன்னா பம்ப் ஓடவே ஓடாதே சார்" என்றான் தாணு.

"பார்த்தீர்களா? மின்சாரமும் மிச்சம். நான்கு ஒப்புதலும் தேவையில்லை. நிறைந்த தொட்டிக்கு எதற்கு ஒப்புதல்?"

தாணு நான்கு ஒப்புதலையும் எடுத்துவிட்டு, அந்த ஒரு வரியை எழுதினான். எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். ஐஸ் ஃபாக்டரிக்காரன் இப்படிக் கேட்டிருந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு வந்திருப்போம் என்று தோன்றியது. இங்கே ஏன் மூடவில்லை என்பதற்குச் சான்றிதழைத் தவிர வேறு பதில் இல்லை. சான்றிதழ் மறுநாளே வந்தது. கூடவே ஆணையத்துக்குக் கோப்பில்லா நிர்வாகத்துக்கான விருதும் வந்தது. தலைமை அலுவலகக் கூடத்தில் பெரிய திரை வைத்தார்கள். அதில் பச்சை எழுத்தில் இரவும் பகலும் 3.00 நின்றது. புகார் சொல்ல வருகிறவர்களை அதன்முன் நிறுத்திக் காட்டுவதற்கு 'ஃபீட்பேக் கட்டுப்பாட்டுப் பிரிவு' என்று ஒன்றையும் திறந்தார்கள்.

சரசம்மா காலிக் குடத்தோடு அங்கே போனாள். திரையைக் காட்டினார்கள். "இந்த டி.வி.யில உள்ள வெள்ளத்த இதுல ஊத்துங்க, நான் போறேன்" என்று குடத்தை நீட்டினாள். புகார் தீர்க்கப்பட்டதாகப் பதிந்து, திருப்தியாக இருந்ததா என்று கேட்டு அவள் போனுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

குன்றின்மேல் தண்ணீர் நின்று ஆறாம் நாள், சுவாமிதாஸ் தொட்டி ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்தார். அடியில் சேறும் கணுக்கால் அளவு தண்ணீரும் கிடந்தன. இறங்கி வந்து, பேனலில் இருந்த சாவியைக் கைமுறைக்குத் திருப்பிப் பம்பைப் போட்டார். தினமும் காலையில் இரண்டரை மணி நேரம். ஏறிப் பார்ப்பார், போடுவார், நிறுத்துவார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பத்தொன்பது நாள் பி.எல்.சி. வேலையைப் பார்த்தார். பாறவிளைக்குத் தண்ணீர் வந்தது. புகார் நின்றது. புகார் நின்றதற்காக ஃபீட்பேக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பாராட்டுக் கடிதம் போனது.

ஆனால் பம்ப் ஓடிய நேரத்தையும் பி.எல்.சி. குறித்துக்கொண்டிருந்தது. அதைத் திருத்தும்படி யாரும் உத்தரவு போட மறந்திருந்தார்கள். இருபதாம் நாள் சுவாமிதாஸ் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பேனல் சாவியைப் பழையபடி பி.எல்.சி. பக்கம் திருப்பிவிட்டுப் பம்ப் ஹவுஸைப் பூட்டிவிட்டார்கள். குற்றச்சாட்டு இதுதான்: நிறைந்த தொட்டிக்குள் பத்தொன்பது நாள் தண்ணீர் ஏற்றினார்.

தாணுவைச் சாட்சியாக அழைத்தார்கள். விசாரணைக்கு முந்தின சாயங்காலம் சுவாமிதாஸைப் பார்க்க அவன் பாறசாலைக்குப் போனான்.

"அண்ணாச்சி, அந்த வரிய எழுதினது நான்தான்."

"தெரியும் சாரே. எனக்கு ரெண்டு வருஷம் சர்வீஸ் கிடக்கு. பென்ஷன் போச்சுன்னா போச்சு. ஆனா அந்த சரசம்மா இன்னைக்கும் குடத்த எடுத்துட்டு இறங்குதா. பம்பு ஹவுசு பூட்டிக் கிடக்கு. அதுதான் எனக்கு சகிக்கல." அவர் தாணுவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தாணு பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்தான்.

விசாரணை தலைமை அலுவலகக் கூடத்தில், பெரிய திரைக்கு எதிரே நடந்தது. கைலாஷ் நடுவில், ஸ்வப்னாவும் பகவதிப்பெருமாளும் இருபுறமும். சுவாமிதாஸ் நின்றுகொண்டிருந்தார்.

"தொட்டி காலியாயிருந்துது. நான் ஏறிப் பாத்தேன்" என்றார்.

"பார்ப்பதற்கு உங்களுக்கு அதிகாரம் உண்டா?" என்று கைலாஷ் கேட்டார். "திரை மூன்று என்கிறது. நீங்கள் கண்ணால் பார்த்தேன் என்கிறீர்கள். கண்ணுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது?"

தாணு எழுந்தான். "சார், நாம எல்லாரும் போய்ப் பாத்துடலாமே. இருபது நிமிஷம்தான்."

பகவதிப்பெருமாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பயணப்படி கிலோமீட்டர் கணக்குலதான் உண்டு. ஏணியில மேல்நோக்கிப் போறதுக்கு விதி இல்ல கேட்டீரா. போனா, நம்ம சொந்த விருப்பத்துக்குப் போனதா ஆயிரும்."

யாருக்கும் சொந்த விருப்பம் இல்லை. கைலாஷ் தீர்ப்பை எழுதப் பேனாவைத் திறந்தார். சுவாமிதாஸ் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார், முழங்காலாக இருக்கலாம்.

தாணு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். பாறவிளை பி.எல்.சி.யோடு இணைந்து, தான் எழுதிய அந்த ஒரு வரியைத் தேடி அழித்தான்.

திரையில் இருந்த 3.00 போய் 0.21 வந்தது. எழுத்து பச்சையிலிருந்து சிவப்பானது. அதன்கீழே இன்னொரு வரி தோன்றியது: பம்ப் ஓடுகிறது.

"அய்யோ, குறையுதே" என்றார் பகவதிப்பெருமாள்.

"குறையல சார், ஏறுது" என்றான் தாணு. 0.22 ஆகியிருந்தது. அவன் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான். வெளியே வந்து மாமரத்தடியில் நின்றபோதுதான் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது தெரிந்தது.

அவன் பின்னாலேயே ஸ்வப்னா வந்தார். நாற்புறமும் பார்த்துக்கொண்டார். "அந்த லாஜிக், முதலில் எழுதினது, நல்லா இருந்துச்சு கேட்டோ" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, யாரோ அழைத்ததுபோல உள்ளே ஓடினார்.

ஒரு வாரத்தில் உத்தரவுகள் வந்தன. சுவாமிதாஸ் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார். தொட்டியில் தண்ணீர் குறைவாக இருப்பது பெரிய அதிகாரிகள் முன்னிலையில் நிரூபணமானதால் அவர்மீதான குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. தாணுவின் கம்பெனி தடைப்பட்டியலில் ஏறியது. முதலாளி இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், விழிஞ்ஞத்தில் ஐஸ் ஃபாக்டரிப் பெட்டியில் ஏதோ கோளாறு, போய்ப் பார் என்றார்.

தாணுவின் பெயருக்குத் தனியாக ஒரு மெமோ வந்தது. 'விசாரணை நாளன்று காலை 10.52 மணி வரை பாறவிளைத் தொட்டியில் 3.00 மீட்டர் தண்ணீர் இருந்ததற்குப் பதிவு உள்ளது. 10.53 மணிக்கு 0.21 மீட்டர் மட்டுமே காணப்பட்டது. இடைப்பட்ட ஒரு நிமிடத்தில், தாங்கள் லேப்டாப்பைத் திறந்திருந்த வேளையில், ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர் மறைந்துள்ளது. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்.'

தாணு மெமோவை நான்கு முறை படித்தான். முதல் முறை பயம் வந்தது. நான்காவது முறை, கல்யாணமானதிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை என்று மனைவி சொல்லும் அளவுக்குச் சிரித்தான். பிறகு ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்து, மரியாதை குறையாமல் பதில் எழுதினான்: 'ஐயா, மேற்படி தண்ணீர் பாறவிளையில் முப்பத்தெட்டு வீடுகளில் குடங்களிலும் அண்டாக்களிலும் பத்திரமாக உள்ளது. எப்போது வேண்டுமானாலும் நேரில் சரிபார்த்துக்கொள்ளலாம்.'

ஆணையம் அந்தப் பதிலை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை இரண்டு அலுவலர்கள் அளவு நாடாவும் நோட்டுமாகக் குன்றேறி, வீடு வீடாகப் பாத்திரங்களை அளந்தார்கள். நல்ல வெயில். கடைசி வீட்டை அடைந்தபோது இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. சரசம்மா குழாயைத் திறந்து ஆளுக்கு ஒரு செம்பு பிடித்துக் கொடுத்தாள். மடக் மடக்கென்று குடித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, கிடைத்த தண்ணீரில் ஒரு லிட்டர் குறைவு என்று எழுதிக்கொண்டார்கள்.